மாசிலாமணி கேட்ட பட்டிமன்றம்

திண்டிவனத்தில் மாசிலாமணி மைக் செட் என்றால் தெரியாதவர்கள் குறைவு. காதுகுத்து, கல்யாணம், மாதா கோவில் தேர், ஆடி மாசத்துக் கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம், கருமாதி என்று எது நடந்தாலும் அவருடைய குட்டியானை வண்டி முதல் ஆளாக வந்து நிற்கும். வாலிபத்தில் குழாய் ரேடியோவைத் தலையில் சுமந்துகொண்டு, வேப்பமரத்திலும் புளியமரத்திலும் ஏறிக் கட்டியவர். இப்போது ஆளுயரப் பாக்ஸ், மிக்ஸர், கையில் பிடிக்கிற வயரில்லா மைக் எல்லாம் சொந்தத்தில் வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அவரிடம் ஒரு வேடிக்கை உண்டு. பேச்சுக்கு நடுவிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் ஒரு பேச்சையும் கேட்டதில்லை. சத்தம் கரகரக்கிறதா, கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறதா, இதுதான் அவர் கவலை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அமலா, தலைவர் என்ன பேசினார் என்று கேட்பாள். “நல்ல தொண்டை. மைக்க மட்டும் வாயில வச்சி கடிக்கிறாரு” என்பார். அமலாவுக்குச் சிரிப்பு வரும்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அலெக்ஸ். அமலாவின் தம்பி. தாயும் தகப்பனும் போன பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக அக்கா வீட்டுக்கு வந்தவன். அங்கேயே வளர்ந்து இருபத்தேழு வயது வாலிபன் ஆகிவிட்டான். மாசிலாமணிக்குப் பிள்ளை இல்லை. மச்சான் என்று கூப்பிட்டாலும் மகன் மாதிரிதான் வைத்திருந்தார். தொழிலிலும் அவனே வலதுகை. மிக்ஸரில் அவன் விரலை வைத்தால் உடைந்த குரலும் ஒழுங்காகும் என்று மற்ற மைக் செட்காரர்களே சொல்வார்கள்.

இடையில் விசேஷங்கள் குறைந்த மாதங்களில் அலெக்ஸ் வானூர்ப் பக்கம் வீடு கட்டுகிற இடங்களுக்கு வயரிங் வேலைக்குப் போய்வந்தான். அங்கே நாலு சிநேகிதம் கிடைத்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து ஒரு இழுப்பு. முதலில் அது வீட்டுக்குத் தெரியவே இல்லை. கண் சிவந்திருந்தால் சிமெண்ட் தூசி என்பான். சும்மா சும்மா சிரிப்பான். பையன் சந்தோஷமாக இருக்கிறான் என்று அமலாவும் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. தூக்கம் போனது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் என்பான். ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்த அமலாவின் கையில் சின்னப் பொட்டலம் ஒன்று சிக்கியது. பிரித்து மோந்து பார்த்தாள். கஞ்சா. நேராகக் கக்கூஸில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மாசிலாமணி வந்தபோதும் அவள் ஊற்றிக்கொண்டேதான் இருந்தாள்.

அவர்கள் கண்டித்தார்கள். அலெக்ஸும் அக்கா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். ஆனால் விட்டபாடில்லை.

விக்கிரவாண்டியில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில் விஷயம் முற்றிப்போனது. தாய்மாமன் சீர்வரிசை வந்து, மொய் எழுதியவர் பேரை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அலெக்ஸ் திடீரென்று எழுந்து போய் மெயின் வயரைப் பிடுங்கி எறிந்தான். மண்டபமே அடங்கிப்போனது. ஓடிவந்த மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “என் பேரத்தான் சொல்லிக்கினே இருக்கிறாங்க மாமா. உங்களுக்குக் கேக்கலியா?” என்றான். அவன் முகத்தில் இருந்தது போதை இல்லை, பயம். வேர்த்துக் கொட்டியது. கரண்ட் கோளாறு என்று கூட்டத்துக்குச் சொல்லிச் சமாளித்து, அவனைக் குட்டியானையில் உட்கார வைத்துவிட்டு, மீதி வேலையை மாசிலாமணி ஒண்டியாகப் பார்த்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு வாலிபன். அவனும் இதே பழக்கக்காரன். பையில் பொட்டலத்தோடு பிடிபட்டான். கேஸ், ஜாமீன், வாய்தா என்று அந்தக் குடும்பம் அலையாத இடமில்லை. நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலை போனது. உள்ளே போய் வந்தபின் அவன் முன்னைவிட மோசமான கூட்டத்தோடு சேர்ந்தான். இதையெல்லாம் அமலா கண்ணால் பார்த்தவள். ஆஸ்பத்திரியில் கஞ்சா என்று வாயைத் திறந்தால் அவர்களே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்பது அவளுக்கே நினைவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. மாசிலாமணிக்கும் அதே பயம்தான். அவருடைய வண்டியில், அவருடைய பெட்டிகளுக்கு நடுவில் அந்தச் சனியன் எங்கேயாவது கிடந்தால் தானும் சேர்ந்து போகவேண்டியதுதான் என்று ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். டோல்கேட்டில் காக்கிச் சட்டையைக் கண்டால் கேட்பதற்கு முன்பே வண்டிக் காகிதங்களை எடுத்து நீட்டுவார்.

ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். பாதிரியாரிடம் ஜெபம் பண்ணிக்கொண்டார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு இரும்பை மாகாளேஸ்வரர் கோவிலுக்கும் கூட்டிப்போய் வந்தார்கள். சாமிகளுக்குள் அவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டு நாள் தெளிவாக இருப்பான்; மூன்றாம் நாள் மறுபடி சுவரைப் பார்த்துப் பேசுவான். அமலா சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டாள். யாராவது அலெக்ஸ் எங்கே என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பட்டிமன்றம் வந்தது.

ஊரில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, ‘கஞ்சாவுக்குச் சட்டம் கதவைத் திறக்கலாமா, கூடாதா’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். மைக் செட் மாசிலாமணியுடையது. தலைப்பைப் பேனரில் பார்த்ததும் அவருக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது. ஒத்துக்கொண்ட வேலை. அலெக்ஸை அமலாவின் காவலில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார்.

நடுவர் விருத்தாசலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தலைப்பைச் சொன்னதுமே முன்வரிசையில் ஒரு சலசலப்பு. சிலர் பக்கத்தில் இருந்தவரைக் காட்டிச் சிரித்தார்கள்.

முதலில் ‘திறக்கலாம்’ என்ற அணியில் கல்லூரி விரிவுரையாளர் புகழேந்தி பேசினார். சாராயத்தை அரசாங்கமே விற்கும்போது இதற்கு மட்டும் என்ன தீட்டு என்று கேட்டார். புற்றுநோய்க்காரருக்கு வலி குறைக்க வெளிநாடுகளில் இதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்றார். நம் சட்டமே பூவையும் பிசினையும்தான் கஞ்சா என்கிறது, தனி இலையை விட்டுவிடுகிறது. பாதிக் கதவு ஏற்கெனவே திறந்துதானே கிடக்கிறது என்றார். நல்ல கைதட்டல்.

அடுத்து ‘கூடாது’ அணிக்கு ராஜாமணி டீச்சர். மெதுவாகத்தான் பேசினார். சாராயக் கடை ஊரை என்ன பண்ணியது என்று பார்த்த பிறகும் இன்னொரு கடை கேட்கிறீர்களா என்று ஆரம்பித்தார். தாய்லாந்தில் திறந்துவிட்டுப் பிறகு அவர்களே கயிற்றை இறுக்கினார்கள் என்றார். தன்னிடம் படித்த ஒருவன், கணக்கில் புலி, இன்று பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறான். அவன் அம்மா ஒரு டப்பாவில் சோறு எடுத்துக்கொண்டு அவனைத் தேடித் திரிகிறாள் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது.

வழக்கமாக இந்த இடத்தில் மாசிலாமணி குரல் இறங்குகிறதே என்று சத்தத்தைக் கூட்டியிருப்பார். அன்றைக்குக் கை போகவில்லை. டீச்சர் சொன்ன அந்தத் தாயின் முகத்தில் அவருக்கு அமலா தெரிந்தாள். ‘கூடாதும்மா, கூடவே கூடாது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

கடைசியாக ‘திறக்கலாம்’ அணியில் ரோஜா என்ற வக்கீல் எழுந்தார். விழுப்புரம் கோர்ட்டில் தொழில் செய்கிறவர். அவர் சொன்னது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விழுந்தது.

“கடை திறக்கணும்னு கேக்க நான் வரல. டீச்சர் சொன்ன பையன் மாதிரி ஆளுங்களக் கூண்டுல ஏத்தாதீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். பயத்துல வீட்டுக்குள்ளயே ஒளிச்சி வைக்கிறாங்க, வியாதி முத்திப்போவுது. இப்ப இருக்கிற சட்டத்துலயே ஒரு சன்னல் இருக்குது. விக்காம, தான் இழுக்க மட்டும் கொஞ்சமா வச்சிருந்து கேஸ்ல மாட்டினவன்கூட, தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரியில முழு வைத்தியம் பாத்துக்கினா, அவன் மேல வழக்கு நடத்தக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்குது. கேஸே இல்லாதவன் வைத்தியத்துக்குப் போறதுக்கு எதுக்குப் பயப்படணும்? நோயாளி சொல்ற ரகசியத்த டாக்டர் வெளியில சொல்லவும் கூடாது. இது இங்க எத்தன பேருக்குத் தெரியும்?”

அரங்கத்தில் பாக்ஸ் இரண்டும் சேர்ந்து கிறீச்சிட்டன. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். மாசிலாமணி மிக்ஸரை மறந்து வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் கையை ஆட்டிய பிறகே அவருக்குச் சுயநினைவு வந்தது.

இன்றைய நிலையில் கதவைத் திறக்க வேண்டாம், ஆனால் ரோஜா சொன்ன சன்னலை அகலமாக்க வேண்டும் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். கூட்டம் டிபனுக்குக் கலைந்தது. மாசிலாமணி வயரைச் சுற்றுகிற சாக்கில் மேடைப் படி ஓரத்திலேயே நின்றார். ரோஜா இறங்கி வந்ததும், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவர் கையிலிருந்த வயர் சிக்கலாவதைப் பார்த்தார்.

“உங்க வீட்டுப் பையனாங்க?”

மாசிலாமணி தலையை ஆட்டினார்.

“நாளைக்கே முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க. மனநல வார்டுன்னு கேளுங்க. கஞ்சாங்கறத மறைக்காதீங்க. மறைச்சீங்கன்னா டாக்டருக்கு வியாதி புரியாது. பையன் சம்மதத்தோட போவணும், பாதியில விடக் கூடாது. கையில பொட்டலம் ஏதாவது இருந்தா அத மட்டும் எடுத்துக்கினு போவாதீங்க.” ஏதாவது சிக்கல் வந்தால் தன்னைக் கூப்பிடும்படி நம்பரும் கொடுத்தார். சிக்கல் வராது என்றும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அமலாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. வக்கீல் ஆயிரம் சொல்வார் என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். இத்தனை மாதம் யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பிப் பிள்ளையைப் பூட்டி வைத்திருந்தோமே என்கிற அழுகை அது.

அலெக்ஸைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அறை மூலையில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாசிலாமணி அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி என்றதும் அவன் கண் மிரண்டது.

“போலீஸ்ல உட்டுடப் போறீங்களா மாமா?”

“உன்ன எங்க உடுறது? நானும் கூடவே இருக்கப் போறேன். உனக்குக் கேக்குதே, அந்தச் சத்தம் நிக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு.”

அலெக்ஸ் காலைக் கட்டியிருந்த கையை விட்டான். பிறகு, “நிக்கணும் மாமா” என்றான். அதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி உதடு பிதுங்கியது.

மறுநாள் காலையில் மூன்று பேரும் குட்டியானையிலேயே கிளம்பினார்கள். டோல்கேட் வந்தபோது அமலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எவரும் அவர்களை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் காத்திருந்து உள்ளே போனார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன பிரச்சினை என்று கேட்டதும் மாசிலாமணி, “கஞ்சா அடிக்கிறாம்மா” என்றார். சொல்லிவிட்டு டாக்டருடைய மேஜை மேல் இருந்த போனையே பார்த்தார். டாக்டர் போனைத் தொடவில்லை. எழுதிக்கொண்டே, எவ்வளவு காலமாக, காதில் என்ன கேட்கிறது, சோறு தண்ணீர் இறங்குகிறதா என்று காய்ச்சலுக்குக் கேட்கிற மாதிரியே அலெக்ஸிடம் கேட்டார். ஒரு இடத்தில் அலெக்ஸ் தயங்கியபோது, “பரவால்ல, சொல்லுங்க. இங்க இதுக்குன்னு வர்றவங்க நெறைய பேரு” என்றார்.

மாசிலாமணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சில் ஏற்றி வைத்த பாரத்தை யாரோ இறக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். பின்னாலேயே வந்த அமலாவிடம், “அவ்ளோதான்” என்றார். “இன்னாங்க அவ்ளோதான்?” என்று அவள் கேட்டாள். “அவ்ளோதான், அமலா” என்று மறுபடியும் சொன்னார். அவளுக்குப் புரிந்தது.

அலெக்ஸை வார்டில் சேர்த்தார்கள். அமலா கூட இருந்தாள். இழுக்கிற எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு மூளை தாங்காது; அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தூக்கம் வந்தது. தூக்கத்தோடு பசி வந்தது. ஒரு மத்தியானம் அமலா வீட்டுக்குப் போய்ச் செய்து கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் காரம் பற்றவில்லை என்று குறை சொன்னான். அவள் வராண்டாவுக்கு வந்து மாசிலாமணிக்குப் போன் போட்டு, தம்பி குழம்பு நல்லா இல்லை என்று சொல்லிவிட்டான் என்று சந்தோஷத்தில் மூச்சு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. பழைய சிநேகிதன் ஒருவன் கூப்பிட்டான் என்று ஒருநாள் தோப்புக்குப் போய்விட்டான். ஆனால் அன்றைக்கே திரும்பி வந்து, “ஒரு இழுப்பு இழுத்துட்டேன் மாமா” என்று தானாகவே சொன்னான். முன்பென்றால் வீடு ரெண்டாகியிருக்கும். இப்போது அமலா அவனைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. மாத்திரையை டாக்டர் குறைத்துக்கொண்டு வருகிறார். வேலைக்கும் வருகிறான். முதலில் பெரிய சத்தம் உள்ள இடங்களை விட்டு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு மாதிரி சின்ன விசேஷங்களாகப் பார்த்து அவனைக் கூட்டிப்போனார் மாசிலாமணி.

இப்போது வண்டியில் போகும்போது மாமனும் மச்சானும் இதே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதுண்டு. கதவே வேண்டாம், பூட்டிச் சாவியை ஏரியில் போட வேண்டும் என்பது மாசிலாமணியின் கட்சி. அலெக்ஸ் பாதிதான் ஒத்துக்கொள்வான்.

“கடையில வித்திருந்தா நான் இன்னும் ஜல்தியா கெட்டிருப்பேன் மாமா. அது நெசம். ஆனா என்னப் பிடிச்சி உள்ள போட்டிருந்தா, வெளிய வந்தது நானா இருந்திருக்க மாட்டேன்.”

விற்கிறவனை விடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

போன மாதம் ஒரு காலையில், எதிர் வீட்டு லட்சுமியம்மாள் கேப்பை மாவு கேட்பது போல வந்தார். மாவை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். மருமகனைப் பற்றி எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அமலா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“எங்க வீட்டுலயும் அதாம்மா. கஞ்சாதான். பயப்படாதீங்க, வைத்தியம் இருக்குது” என்றாள். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. லட்சுமியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வார்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அமலா உள்ளே திரும்பி, “அலெக்ஸு, இங்க வா. அம்மாவுக்கு நீயே சொல்லு” என்று கூப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அலெக்ஸ் லட்சுமியம்மாளையும் அவர் மருமகனையும் பஸ்ஸில் முண்டியம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாசிலாமணிக்கு அன்று மயிலத்தில் ஒரு கல்யாணம். கூட ஆளில்லாமல் எல்லாப் பெட்டியையும் அவரே ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. இடுப்பு வலி பேஜாராகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்துவிட்டு, அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.